சிறுகோள்களும் பெயரிடும் உரிமையும்

1801ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாளிரவு. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், அரண்மனையின் மேல் அமைந்திருந்த விண்ணோக்ககத்தில், கியுசெப்பே பியாத்சி என்னும் துறவி விண்மீன் பட்டியலொன்றைச் சரிபார்த்துக் கொண்டிருந்தார். பட்டியலில் இல்லாத ஒளிப்புள்ளியொன்று அவர் கண்ணிற் பட்டது. அடுத்தடுத்த இரவுகளில் அப்புள்ளி சற்றே இடம் பெயர்ந்திருந்தது. விண்மீன் அவ்வாறு நகராதாகலின், அது ஞாயிற்றைச் சுற்றிவரும் பொருளே என்று தெளிந்தார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றித் திரியும் சிறுகோள்களுள் மாந்தன் கண்ட முதலாவது அதுவே. 2006 முதல் வானியலார் அதனைக் குறுங்கோள் என்னும் வகையில் வைத்தெண்ணுகின்றனர்.

பியாத்சி அதற்கு இட்ட பெயர் ‘செரெசு பெர்தினாந்தியா’ என்பது. செரெசு என்பவள் உரோமர் வழிபட்ட விளைச்சல் தாய். சிசிலித் தீவின் காவல் தெய்வமாகக் கருதப்பட்டவள். பெர்தினாந்து என்பவன் அத்தீவை அன்று ஆண்ட அரசன். விண்ணோக்ககம் அவன் கொடையால் எழுந்தது. தெய்வத்தின் பெயரோடு அரசன் பெயரையும் கோத்து வானில் ஏற்றிவிட்டார் துறவி. ஆனால் பிறநாட்டு வானியலார் ஒருவரும் அவ்வால் பெயரை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று செரெசு நிற்கிறது. பெர்தினாந்து உதிர்ந்து போனான்.

இதற்கு இருபதாண்டு முன்னரும் இவ்வாறே ஒன்று நிகழ்ந்தது. 1781இல் வில்லியம் எர்செல் புதிய கோளொன்றைக் கண்டு, அதற்கு இங்கிலாந்தின் மூன்றாம் சியார்சு மன்னன் பெயரால் ‘சியார்சின் விண்மீன்’ என்று பெயர் சூட்டினார். ஆங்கிலேயர் பல்லாண்டுகள் அப்பெயரைத் தம் ஏடுகளில் எழுதிக்கொண்டிருந்தனர். உலகமோ அக்கோளை யுரேனசு என்றே அழைத்தது, இன்றும் அழைக்கிறது. நிலத்தின்மேல் ஊர்க்கும் தெருவுக்கும் ஆற்றுப் பாலத்துக்கும் தம் பெயரைச் சூட்டி மகிழ்ந்த மன்னர்கட்கு, வானம் மட்டும் அவ்வளவு எளிதில் வசப்படவில்லை.

முதல் நான்கு சிறுகோள்கள் செரெசு, பல்லாசு, யூனோ, வெசுட்டா எனக் கிரேக்க உரோமத் தெய்வப் பெண்டிர் பெயர்களையே பெற்றன. நான்காவது கண்டறியப்பட்டது 1807இல். அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஐந்தாவது ஒன்று கிட்டவில்லை. 1845இல் அதனைக் கண்டவர் பெரும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவரும் அல்லர். அஞ்சல் துறையில் பணியாற்றிய என்கே என்னும் செருமானியர். அதன்பின் ஆண்டுதோறும் புதியன கிடைக்கலாயின. கிடைக்கவே, பெயர்ப் பூசலும் தொடங்கிற்று.

1850இல் இலண்டனில் இயான் இரசல் ஐண்டு என்பவர் பன்னிரண்டாம் சிறுகோளைக் கண்டு அதற்கு விக்டோரியா என்று பெயரிட்டார். அரியணையில் அமர்ந்திருந்த அரசியின் பெயர் அது. உயிரோடிருப்பவர் பெயரை, அதிலும் ஆள்பவர் பெயரை, எங்ஙனம் ஏற்பது என்று அமெரிக்க வானியலார் எதிர்த்தெழுந்தனர். விக்டோரியா என்பது உரோமரின் வெற்றித் தெய்வத்தின் பெயருமாகும் என்று ஐண்டு விடை கூறினார். அது வேண்டாவெனில் கிளியோ என வைத்துக்கொள்ளலாம் என்றும் மாற்றுரைத்தார். வாய்ப்பான மறைப்பு! இறுதியில் தெய்வத்தின் போர்வைக்குள் அரசி நிலைத்துவிட்டாள். கிளியோ என்னும் பெயர் 1865இல் 84ஆம் சிறுகோளுக்குப் போயிற்று. 1857இல் பாரிசு நகரில் கோல்டுசுமித்து என்னும் ஓவியர் 45ஆம் சிறுகோளைக் கண்டார். ஓவியம் தீட்டிய கை ஓய்ந்த இரவுகளில் தம் வீட்டு மேன்மாடத்திலிருந்து வான்நோக்கிப் பதினான்கு சிறுகோள்களைக் கண்ட அரிய மனிதர் அவர். அவரும் அதற்கு மூன்றாம் நெப்போலியனின் மனைவி பெயரால் யூசெனியா என்று பெயர் வைத்தார். இம்முறை தெய்வப் போர்வையும் தேவைப்படவில்லை.

அரசர்க்கு அடுத்தபடியாக வந்தவர் செல்வர். வியன்னா நகரத்து யோகான் பலீசா, தொலைநோக்கியிற் கண் வைத்தே நூற்றிருபதுக்கும் மேற்பட்ட சிறுகோள்களைக் கண்டவர். 1886ஆம் ஆண்டின் முழு ஞாயிற்று மறைப்பைக் காணச் செல்லுதற்கு அவரிடம் பணமில்லை. எனவே 1885இல், தாம் கண்ட சிறுகோள் ஒன்றுக்குப் பெயரிடும் உரிமையை ஐம்பது பவுனுக்குத் தருவதாக வெளிப்படையாகவே அறிவித்தார். பெருவங்கியாளர் ஆல்பர்ட்டு இரோத்சைல்டு பணம் கொடுத்தார். 250ஆம் சிறுகோளுக்கு அவர் மனைவி பெத்தினாவின் பெயர் ஏறிற்று. ஆல்பர்ட்டின் பெயரும் பின்னர் 1911இல் கண்டறியப்பட்ட 719ஆம் சிறுகோளுக்கு இடப்பட்டது. அக்கோளோ கண்ட சில நாள்களிலேயே காணாமற் போய், 2000ஆம் ஆண்டுவரை எவர்க்கும் தட்டுப்படாமலே இருந்தது. பலீசாவைக் குறை கூறுதற்கில்லை. அறிவுப்பசி கொண்டவன் கையில் காசில்லாத நிலை அது. பணம் படைத்தோர் எல்லாரையும் ஒரே தட்டில் நிறுத்தலும் ஆகாது. கேதரின் உல்ஃபு புரூசு என்னும் அமெரிக்கப் பெண்மணி, செருமனியின் ஐடல்பர்க்கில் பெருந்தொலைநோக்கி அமைக்கப் பத்தாயிரம் தாலர் நன்கொடை தந்தார். ஒளிப்படத்தின் வழியாக முதன்முதல் கண்டறியப்பட்ட சிறுகோளுக்கு (323, ஆண்டு 1891) மாக்சு உல்ஃபு அவர் பெயரால் புரூசியா என்று பெயரிட்டது விலைக்கு விற்றதன்று, நன்றியறிதல்.

இன்று அவ்வுரிமை விலைக்கில்லை. பணம் வாங்கிக்கொண்டு விண்ணிற் பெயர் பதித்துத் தருவதாகத் தாள் அச்சிட்டு விற்கும் கடைகள் இன்றும் உண்டு. அத்தாளை வானியலார் எவரும் மதிப்பதில்லை. பெயரை ஏற்பதும் தள்ளுவதும் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பெயர்க்குழுவே. சிறுகோள் ஒன்று முதலிற் காணப்பட்டவுடன் அதற்குக் கிடைப்பது ஆண்டும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு மட்டுமே. பல ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி, அதன் சுற்றுப்பாதை ஐயமறத் தெளிவானபின் நிலையான வரிசையெண் வழங்கப்படும். அதன்பின் பத்தாண்டுவரை பெயர் முன்மொழியும் உரிமை கண்டவர்க்குரியது. பெயர் பதினாறு எழுத்துக்கு மேற்படலாகாது. அவ்வெழுத்து இலத்தீன எழுத்து. ஒரு சொல்லாக இருத்தல் நன்று. வாயில் நுழைவதாக இருக்க வேண்டும். எவரையும் இழிப்பதாக இருத்தலாகாது. முன்னரே உள்ள பெயரோடு மயங்கலாகாது. வணிகப் பெயர்க்கு இடமில்லை. அரசியலாலோ படைத்துறையாலோ பெயர் பெற்றவராயின், அவர் மறைந்து நூறாண்டு கழிய வேண்டும். பெர்தினாந்துக்கும் விக்டோரியாவுக்கும் யூசெனிக்கும் இடப்பட்ட பெயர்களை எண்ணிப் பார்த்தால் இவ்விதியின் கரணியம் விளங்கும். புகழ்க்கூச்சல் அடங்கியபின் பெயர் நிற்குமா என்று காலம் சொல்லட்டும் என்பதே அதன் கருத்து. நாடாள்வோர் பெயரை அவர் இருக்கும்போதே பேருந்துக்கும் நிலையத்துக்கும் சூட்டும் நிலங்களில், இவ்வொரு விதி நடைமுறைக்கு வருமாயின் பெயர்ப்பலகை எழுதுவோர்க்கு வேலை குன்றும்!

வளர்ப்பு விலங்குகளின் பெயரும் வேண்டா என்று ஒன்றியம் கேட்டுக்கொண்டுள்ளது. 2309ஆம் சிறுகோளைக் கண்டவர் தம் பூனையின் பெயரை 1985இல் அதற்கு ஏற்றியதே அதற்குத் தூண்டுதல். இன்னொரு வகை மரபும் உண்டு. வியாழனின் பாதையிலேயே அதற்கு முன்னும் பின்னும் செல்லும் இரு கூட்டங்கட்கு, கிரேக்கரின் திராய்ப் போர் மறவர் பெயர்களை இடுவது மரபு. ஒரு கூட்டம் கிரேக்கர் பாசறை, மற்றொன்று திராயர் பாசறை. இவ்வொழுங்கு ஏற்படுமுன் பெயர் பெற்றுவிட்டமையால் திராயன் எக்தோர் கிரேக்கர் நடுவிலும், கிரேக்கன் பத்ரோக்ளசு திராயர் நடுவிலும் இன்றுவரை அகப்பட்டுக் கிடக்கின்றனர்.

வரிசையெண் பெற்ற சிறுகோள்கள் இன்று ஏழிலக்கத்துக்கும் மேல். பெயர் பெற்றனவோ இருபத்தைந்தாயிரம் அளவே. அவ்விருபத்தைந்தாயிரத்துள் அரசர் மிகச் சிலர். அறிவியலறிஞரும் பாவலரும் இசைவாணரும் ஊர்களும் ஆறுகளுமே மிகுதி. முதற்கண்டவரான பியாத்சிக்கே ஆயிரமாவது சிறுகோள் உரியதாயிற்று. செரெசு ஞாயிற்றின் ஒளியில் மறைந்து தொலைந்தபோது, கணக்கு வன்மையால் அது தோன்றும் இடத்தைக் காட்டி மீட்டுத் தந்த இளைஞர் காவுசுக்கு 1001. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து மாண்ட எழுவர்க்கு 3350 முதல் 3356 வரை ஏழு கோள்கள்; அவருள் பள்ளியாசிரியை ஒருவரும் உண்டு. 2003இல் கொலம்பியா விண்கலத்தோடு மறைந்த கல்பனா சாவ்லாவுக்கு 51826. பெண்கல்விக்காகக் குண்டடிபட்ட மலாலாவுக்கு 316201. அறிவியற் போட்டிகளில் வென்ற பள்ளி மாணவர்கட்கும், அவர்தம் ஆசிரியர்கட்குமேகூட அமெரிக்காவின் ஆய்வுக் குழுவொன்று தாங்கள் கண்டவற்றை ஈந்து வருகிறது. பேரரசியர்க்கு மறுக்கப்பட வேண்டியதாயிருந்த ஒன்று பள்ளிச் சிறுமிக்குக் கிட்டுகிறது என்றால், இரு நூற்றாண்டுகளில் மாந்தர் எண்ணம் ஓரளவு திருந்தியுள்ளது எனலாம்.

ஆயினும் கண்டவன் பெயரிடுவான் என்னும் அடிப்படை மாறவில்லை. எனவே தொலைநோக்கியின் பின் நிற்பவன் மொழி எதுவோ, அவன் நெஞ்சில் உள்ள நாடு எதுவோ, அதுவே வானில் ஏறுகிறது. பின்லாந்தைக் காண்க. பலநூறாண்டுகள் சுவீடனுக்கும் பின்னர் உருசியாவுக்கும் கீழ்ப்பட்டுக் கிடந்து, 1917இல் விடுதலை பெற்ற சிறுநாடு அது. படித்தோர் மொழி சுவீடியமாகவும், உழுவோர் மொழி பின்னியமாகவும் இருந்த நிலை அங்கு நெடுங்காலம் நிலவிற்று. விடுதலைக்குப் பின் இருபதாண்டு கழிவதற்குள், தூர்க்கு நகரில் இருந்த வானியலறிஞர் இர்யோ வைசாலா சிறுகோள்களை வரிசையாகக் கண்டுபிடிக்கலானார். எல்சிங்கி, தூர்க்கு என்று நகர்ப்பெயர்கள் வானேறின. நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டி உருவான பின்னிய மக்களின் பெருங்காப்பியமான கலேவலாவின் பெயரும் ஏறிற்று. எசுப்பெராந்தோ மொழியிலும் பற்றுடையவர் அவர். ஆதலின் 1421ஆம் சிறுகோள் எசுப்பெராந்தோ ஆயிற்று. அம்மொழியைப் படைத்த சாமனோஃபுக்கு 1462 கிடைத்தது. நாடு கூட இல்லாத ஒரு மொழிக்கு விண்ணில் இடம் பெற்றுத் தர ஒருவரின் உழைப்பே போதுமாயிருந்தது.

கருவி நின்ற மண் மட்டும் பெயரைத் தந்துவிடாது என்பதற்குச் சென்னையே சான்று. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் குழுமத்தார் எழுப்பிய விண்ணோக்ககத்தில், கருவி தாங்கிய பெருங்கருங்கல் தூண் ஒன்று நின்றது. அத்தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்து வெட்டப்பட்டது. அங்கு 1861இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், அவ்வாண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் 67ஆம் சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அது. ஆகவே ஆசியா எனப்பட்டது. அதுவும் கிரேக்கத் தொன்மத்து நீர்மகள் ஒருத்தியின் பெயரே. 1864இல் கிரேக்கப் பாவரசி சாப்போ. 1866இல் உரோமத் தொன்மத்துச் சில்வியா. இச்சில்வியாவைச் சுற்றி இரு சிறு நிலாக்கள் வருவது இந்நூற்றாண்டில் தெரிய வந்தது. 1885இல் வேரா. நுங்கம்பாக்கத்து வானில் பிடிபட்ட ஐந்தனுள் ஒன்றேனும் அம்மண்ணின் மொழியிற் பெயர் பெற்றதில்லை. தூணின் கல்லில் தமிழ் இருந்தது. தூணின் மேலிருந்த கருவி காட்டிய வானத்தில் இல்லை. போக்சன் செய்தது தவறென்று சொல்வதற்கில்லை. அவர் தாம் கற்ற மரபிற் பெயரிட்டார். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867இல் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டறிந்த திறவோர். 1874ஆம் ஆண்டு வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் நிகழ்ச்சியை நாட்டு மொழிகள் சிலவற்றில் மக்கட்கு எழுதி விளக்கியவர். திறமைக்குக் குறைவில்லை, உரிமை வேறொருவர் கையில் இருந்தது.

வேராவுக்குப் பின் நூற்றுமூன்று ஆண்டுகள் இந்நாட்டு மண்ணிலிருந்து ஒரு சிறுகோளும் கண்டறியப்படவில்லை. 1988 பிப்ரவரி 17ஆம் நாள், சவ்வாது மலையின் காவலூரில் இராசமோகன் தலைமையிற் கண்ட சிறுகோளே அவ்விடைவெளியை முறித்தது. அதற்கு ஈரோட்டிற் பிறந்து, முப்பத்திரண்டு அகவையில் மறைந்த கணக்கறிஞர் இராமானுசனின் பெயர் இடப்பட்டது, வரிசையெண் 4130. கண்டவர் இந்நாட்டவர் ஆனவுடன் பெயரும் இந்நாட்டது ஆயிற்று என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அயலார் கண்டவற்றுக்கும் தமிழர் பெயர் சில ஏறியுள்ளன. விண்மீன்களின் இறுதிநிலையை ஆய்ந்த சந்திரசேகருக்கு 1958ஆம் வரிசையெண்ணுடைய கோள் ‘சந்திரா’ என வழங்குகிறது. சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்துக்கு 4538. இது 1988இல் சப்பானில் கண்டறியப்பட்டுக் கால்நூற்றாண்டுக்கு மேல் பெயரின்றிக் கிடந்தது; 2015இல் அமெரிக்காவின் சிறுகோள் நடுவத்தைச் சேர்ந்த ஒருவர் முன்மொழியவே பெயர் பெற்றது. பெயர் பதிவானது ‘விசியானந்து’ என்று, அவர்தம் அழைபெயரும் இயற்பெயரும் ஒட்டிய வடிவில்.

இவையெல்லாம் ஆட்களின் பெயர்கள். ஒரு மொழி தன் சொல்லாலேயே வானப் பொருளை அழைத்து, உலகத்தையும் அவ்வாறே அழைக்கச் செய்த செய்தியை அறியப் பசிபிக்குப் பெருங்கடலின் நடுவிலுள்ள அவாய்த் தீவுகட்குச் செல்ல வேண்டும்.

அவாய் மக்கள் விண்மீன் பார்த்தே கடல் கடந்து அத்தீவுகளை அடைந்தவர். அவர்தம் அரசு 1893இல் கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. ஒன்றிரண்டு தலைமுறைக்குள் அவாய் மொழி வீட்டுத் திண்ணைகளிலும் முதியோர் வாயிலும் ஒடுங்கிப் போயிற்று. 1978இல்தான் மாநில அரசியல் சட்டம் அதனை ஆங்கிலத்தோடு ஆட்சிமொழியாக ஏற்றது. 1984இல் குழந்தைகட்கு முழுதும் அவாய் மொழியிலேயே கற்பிக்கும் பள்ளிகளை அம்மக்களே தொடங்கினர். அப்பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகள்தாம் இக்கதையின் மையம்.

உலகின் பெருந்தொலைநோக்கிகள் பல அத்தீவு மலைகளின்மேல் உள்ளன. 2017இல் அங்கிருந்த கருவியொன்று, ஞாயிற்றுக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து கடந்து சென்ற முதற்பொருளைக் கண்டது. அதற்கு அவாய் மொழியறிஞர் இலாரி கிமுரா துணைகொண்டு ‘ஓஉமுவாமுவா’ என்று பெயர் சூட்டினர். தொலைவிலிருந்து முதற்கண் வந்த தூதன் என்பது பொருள். இதனை ஒட்டி ஈலோ நகரின் இமிலோவா வானியல் நடுவத்தில் பெயரிடும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. அவாய் மொழிப்பள்ளி மாணவரும் மொழி வல்லாரும் வானியலாரும் ஒருங்கமர்ந்து, கோளின் இயக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, பொருந்தும் சொல்லை ஆய்ந்தெடுத்தனர். 2016இல் கண்டறியப்பட்ட 469219ஆம் சிறுகோள், நிலவுலகத்தை விட்டு அகலாது ஊசலாடியவாறே ஞாயிற்றைச் சுற்றி வருவது. அதற்குக் ‘கமோஓஅலேவா’ என்று பெயரிட்டனர். ஊசலாடும் வான்துண்டு என்பது அதன் கருத்து. வியாழனோடு எதிர்த்திசையிற் சுற்றும் 514107ஆம் சிறுகோளுக்கு அவர்கள் அமைத்த பெயரில் வியாழனுக்குரிய பழைய அவாய்ச் சொல்லும், குறும்புக்காரன் என்னும் சொல்லும் இணைந்துள்ளன. 2019இல் இரு பெயரையும் ஒன்றியம் ஏற்றது. முன்னோர் வியாழனுக்கு வைத்திருந்த சொல் வழக்கற்றுப் போகாமல் பேணப்பட்டமையால்தான், புதுக்கோளுக்குப் பெயர் வேண்டியபோது அது கைகொடுத்தது. செவ்வாயும் வெள்ளியும் வியாழனும் காரியும் வழங்கும் மொழியினர் இதனை ஊன்றி நோக்கல் தகும்.

பெயர் கிடைத்ததால் எல்லாம் கிடைத்துவிட்டது என்று அவாய் மக்கள் எண்ணவில்லை. தங்கட்குத் திருமலையாகிய மௌனா கேயாவின்மேல் மேலும் ஒரு மாபெருந் தொலைநோக்கி எழுவதை எதிர்த்து 2015லும் 2019லும் அவர்கள் மலைச்சாலையில் அமர்ந்து மறித்தனர். மலை வேறு, பெயர் வேறு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கிக்கொள்ளலாகாது என்னும் அவர்தம் தெளிவும் மதிக்கத்தக்கதே. எனினும் 2025 மே திங்களில் சீனர் விண்கலமொன்றை ஏவினர். சிறுகோளொன்றின் மண்ணை அள்ளி நிலவுலகுக்குக் கொண்டுவருதல் அதன் பணி. அது நாடிச் செல்லும் கோள் கமோஓஅலேவா. நூறாண்டு முன் பள்ளியிற் பேசக்கூடாத மொழியின் சொல் இன்று சீனப் பொறியாளர் வாயில் வழங்குகிறது.

தமிழ்ப் பிள்ளைகட்கும் வழி அடைபட்டில்லை. அவாய் மலைக்கருவிகள் எடுக்கும் படங்களே பன்னாட்டுச் சிறுகோள் தேடல் முயற்சியின் வழியாகப் பல நாட்டுப் பள்ளிகட்கும் அனுப்பப்படுகின்றன. அவற்றில் நகரும் புள்ளியைக் காணும் மாணவர் பெயர் கண்டவராகப் பதிவாகும் வாய்ப்புண்டு. வரிசையெண் கிடைக்கப் பல ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்பது மெய்யே. சிலி நாட்டு மலையில் அமைந்த வேரா இரூபின் நோக்ககம், 2025இல் தான் வெளியிட்ட முதற் படங்களிலேயே, பத்து மணி அளவான நோக்கில், ஈராயிரத்துக்கு மேற்பட்ட புதிய சிறுகோள்களைக் காட்டியது. பத்தாண்டு உரிமை கடந்தும் பெயரில்லாமற் கிடக்கும் பழைய கோள்களோ எண்ணிறந்தன. முன்மொழிவோர் அனுப்ப வேண்டியது பதினாறு எழுத்துக்குட்பட்ட ஒரு பெயரும், அப்பெயர் ஏன் என்று கூறும் சில வரிகளுமே.